சும்மா நிற்கும் சக்கர நாற்காலியை என்ன செய்வது? கொடுப்பதற்கும் கழிப்பதற்கும் முழுமையான வழிகாட்டி

அப்பா இறந்த பிறகு அவருடைய மின் சக்கர நாற்காலி ஒன்றரை வருடம் அறை மூலையில் நின்றது. அதைத் தொட எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று போர்வையை விலக்கிப் பார்த்தபோது பேட்டரிகள் இரண்டும் செத்திருந்தன. டயர்கள் தரையில் பதிந்திருந்த இடத்தில் தட்டையாகி வெடிப்பு விட்டிருந்தன. அவர் போன மாதமே கொடுத்திருந்தால் மறுநாளே வேறொருவர் அதில் வெளியே போய் வந்திருப்பார். அந்த வருத்தம் தாங்காமல்தான், பழைய உபகரணங்களைச் சேகரித்துச் சரிபார்த்து அனுப்பும் ஒரு சிறு குழுவில் போய்ச் சேர்ந்தேன். அங்கே கையில் கிரீஸ் படக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

உலகில் சுமார் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நாட்டைப் பொறுத்து 5 முதல் 35 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது. ஆகவே நல்ல நிலையில் உள்ள ஒரு நாற்காலி மூலையில் நிற்பது உண்மையான இழப்பு. ஆனால் இதைச் சொன்னவுடனே "அப்படியென்றால் யாரிடமாவது கொடுத்துவிட்டால் போதும்" என்று கிளம்பிவிடக் கூடாது. சக்கர நாற்காலி சட்டையைவிடச் செருப்பைப் போன்றது. அளவு தப்பினால் உதவாது என்பதோடு நிற்காது, காலைக் கடித்துவிடும். உட்கார்ந்தே இருப்பவருக்கு இருக்கை பொருந்தாவிட்டால் முதுகு வளையும், தோல் அழுந்திப் புண்ணாகும், அந்தப் புண் உயிருக்கே ஆபத்தாகலாம். கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் காரணம் இதுதான்.

முதல் படி: இது உங்களுடையதுதானா?

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பல நாற்காலிகளும் வாக்கர்களும் மருத்துவமனை, அரசுத் திட்டம், காப்பீட்டு நிறுவனம், தொண்டு அமைப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று தற்காலிகமாகக் கொடுத்தவை. நோயாளி வீடு திரும்பிய பரபரப்பில் அது குடும்பத்துக்கு மறந்துபோயிருக்கும். இருக்கைக்கு அடியிலும், பின்பக்கக் குழாயிலும், பேட்டரிப் பெட்டியின் பக்கவாட்டிலும் ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். "உடைமை" என்றோ ஒரு பதிவு எண்ணோ இருந்தால் அதைக் கொடுத்த இடத்துக்கே திருப்பிவிடுங்கள். அவர்களிடம் பழுது பார்க்க ஆளும் உதிரி பாகமும் இருக்கும், காத்திருப்போர் பட்டியலும் இருக்கும். அதைவிட நல்ல வழி இல்லை.

அதே இடத்தில் தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண், தாங்கும் எடை ஆகியவையும் அச்சாகியிருக்கும். அந்தச் சீட்டைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாடலில் குறை கண்டுபிடித்துத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்திருக்கிறாரா என்று அவருடைய இணையதளத்தில் பார்க்கவும் இதுவே வேண்டும்.

இரண்டாம் படி: அளந்து எழுதுங்கள்

ஓர் அளவு நாடா போதும். இருக்கைத் துணியின் இடது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரை அகலம். முதுகுத் துணியிலிருந்து இருக்கையின் முன் விளிம்பு வரை ஆழம். தரையிலிருந்து இருக்கைக்கு உயரம். பெரியவர்களுக்கான சாதாரண நாற்காலிகள் பெரும்பாலும் 16, 18, 20 அங்குல அகலத்தில் வரும். அதாவது சுமார் 40, 45, 50 சென்டிமீட்டர்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்கலாம். அகலம் கூடினால் உட்கார்ந்தவர் ஒரு பக்கமாகச் சாய்வார், சக்கரத்தைத் தள்ளக் கையும் எட்டாது. ஆழம் கூடினால் இருக்கை விளிம்பு முழங்காலின் பின்புறத்தில் குத்தும். அதைத் தவிர்க்க அவர் முன்னால் சறுக்கி உட்காருவார், அப்போது வால் எலும்பின் மேல் முழு எடையும் விழும். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருப்பதுதான் சரி. அளவுகளை முன்னாலேயே அனுப்பிவிட்டால் பெறுபவரோ அவருடைய சிகிச்சையாளரோ இது ஒத்துவருமா என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடுவார்.

மூன்றாம் படி: ஓட்டிப் பாருங்கள்

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எங்கள் குழுவில் ஒரு நாற்காலி உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் இங்கேதான் முடிவாகும்.

முதலில் சமதளத்தில் நிறுத்துங்கள். நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால் சட்டம் முறுக்கியிருக்கிறது. அப்புறம் மடக்கி விரியுங்கள். மடக்கும் நாற்காலிகளில் இருக்கைக்கு அடியில் பெருக்கல் குறி போல இரண்டு குழாய்கள் குறுக்காக ஓடும். மொத்த எடையையும் தாங்குவது அவைதான். அவை சந்திக்கும் போல்ட்டைச் சுற்றியும், பற்றவைத்த இடங்களிலும் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் முடிபோல வெடித்திருந்தால் அதை விரலால் தடவுங்கள். நகம் மாட்டினால் அது பெயின்ட் வெடிப்போடு நிற்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். விரிசல் விட்ட சட்டத்தை வீட்டில் பற்றவைத்துக் கொடுக்காதீர்கள். மெல்லிய அலுமினியக் குழாயைப் பற்றவைத்தால் அதன் பக்கத்து உலோகம் பலவீனமாகிவிடும், பிறகு அங்கே உடையும்.

நேரான தரையில் வெறும் நாற்காலியை மெதுவாகத் தள்ளி விட்டுவிடுங்கள். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் டயரில் காற்று சமமில்லை, அல்லது முன் சின்னச் சக்கரத்தின் அச்சு வளைந்திருக்கிறது. அந்தச் சின்னச் சக்கரங்களின் அச்சில் தலைமுடியும் நூலும் கயிறு மாதிரி சுற்றியிருக்கும். இடுக்கியும் சிறு கத்தியும் கொண்டு அதை எடுத்தாலே பாதி நாற்காலிகள் புதிதுபோல ஓடும். "கனமாக இருக்கிறது, தள்ளவே முடியவில்லை" என்று எங்களிடம் வந்தவற்றில் பலவற்றுக்கு இதுதான் வைத்தியம்.

பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். கையால் தள்ளும் நாற்காலிகள் பெரும்பாலானவற்றில் பிரேக் என்பது டயரின் மேல் அழுந்தும் ஓர் இரும்புக் கட்டை, அவ்வளவுதான். டயரில் காற்று குறைந்தால் அந்தக் கட்டை டயரைத் தொடாது. ஆகவே பிரேக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் காற்று அடியுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் நொடியில் வண்டி நகர்ந்தால் மனிதர் விழுவார், இடுப்பு எலும்பு முறியும். இந்தச் சோதனையில் மட்டும் "பரவாயில்லை" என்ற சொல்லுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கை பிடித்துத் தள்ளும் வளையத்தைச் சுற்றிலும் உள்ளங்கையால் தடவுங்கள். பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். கம்பிகள் தளர்ந்திருக்கின்றனவா, கழற்றிப் பூட்டும் சக்கரங்கள் "கிளிக்" என்று பூட்டிக்கொள்கின்றனவா, கைதாங்கிகள் நிலையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். இருக்கைத் துணி தொட்டில் மாதிரி தொய்ந்திருந்தால் துணியை மாற்ற வேண்டும். தொய்வில் உட்காருபவரின் தொடைகள் உள்ளே மடங்கி இடுப்பு சரியும்.

குஷனை இத்துடன் சேர்க்காதீர்கள், அது தனிக் கதை. நுரை மெத்தை காலப்போக்கில் உள்ளேயே நசுங்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. குஷனில் ஒருவரை உட்காரவைத்து அவருடைய உட்காரும் எலும்புக்கு அடியில், குஷனுக்கும் இருக்கைக்கும் இடையே கை வைத்துப் பாருங்கள். எலும்பு கையில் அழுத்தமாகத் தட்டுப்பட்டால் அந்தக் குஷனின் ஆயுள் முடிந்தது. சிறுநீரோ இரத்தமோ ஊறிய நுரையை எப்படியும் கொடுக்கக் கூடாது.

நான்காம் படி: மின்வண்டியாக இருந்தால் பேட்டரி

மின் சக்கர நாற்காலிகளிலும் ஸ்கூட்டர்களிலும் பொதுவாக 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓட்டுவார்கள். எடை குறைந்த மடக்கு வண்டிகளில் லித்தியம் வரும். ஈய அமில பேட்டரியை வெறுமையாக விட்டுவைத்தால் உள்ளே தகடுகளின் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். எங்கள் அப்பாவின் வண்டிக்கு நடந்தது அதுதான். ஆகவே யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகாவிட்டாலும், இன்றே சார்ஜ் போடுங்கள். பிறகு மாதம் ஒரு முறை போடுங்கள்.

முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் சுமார் 12.7 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே இருந்தால் காலியாகிவிட்டது அல்லது கெட்டுவிட்டது என்று அர்த்தம். பேட்டரி செத்தது என்பதற்காக வண்டியையே தூக்கிப் போடாதீர்கள். மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் நன்றாக இருந்தால் புது பேட்டரி போட்டு ஓட்டுவார்கள்.

சார்ஜரை வண்டியோடு கட்டியே வையுங்கள். சார்ஜர் தொலைந்த மின்வண்டி, சாவி தொலைந்த பூட்டு மாதிரி. அதன் மேல் எழுதியிருக்கும் மின்னழுத்த எல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள். 100 முதல் 240 வரை என்றிருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். 110 என்று மட்டும் இருந்தால் 230 வோல்ட் உள்ள இடத்தில் செருகிய நொடியே எரிந்துவிடும். மோட்டாரை விடுவித்து வண்டியைக் கையால் தள்ள ஒரு நெம்புகோல் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

உப்பிய, நசுங்கிய, சூடாகும் லித்தியம் பேட்டரி இருந்தால் சார்ஜ் போடவே கூடாது, வீட்டுக் குப்பையிலும் போடக் கூடாது. குப்பை வண்டிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, பேட்டரி சேகரிப்பு மையத்திடம் சேருங்கள். ஈய அமில பேட்டரிகளை மறுசுழற்சி செய்பவர்கள் விலை கொடுத்தே வாங்குவார்கள். ஈயம் விஷம் என்பதால், உரிமம் பெற்ற இடத்தில் மட்டும் கொடுங்கள்.

ஐந்தாம் படி: கழுவுங்கள்

மிதமான சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடும். அதன்பின் கிருமி நீக்கம். 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். துடைத்துச் சில நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிளீச் உலோகத்தை அரிக்கும். வேறு எந்த கழுவு திரவத்தையும் பிளீச்சோடு கலக்காதீர்கள், நச்சு வாயு வரலாம். உலோகப் பகுதிகளுக்கு 70 சதவீத ஆல்கஹாலும் நல்லது. மின்வண்டியில் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. துணித் தையல்களில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: மூன்றாகப் பிரியுங்கள்

இப்போது உங்கள் முன்னால் மூன்று கூட்டம் இருக்கும். அப்படியே கொடுக்கக்கூடியவை, சிறிது பழுது பார்த்தால் போதும் என்பவை, ஓட்டவே கூடாதவை.

"இல்லாதவருக்கு இது போதாதா?" என்ற எண்ணத்தை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு மூட்டையைத் திறந்தபோது கால்தாங்கி இல்லாத நாற்காலி, ஒற்றைச் சக்கரம், கிழிந்த இருக்கை என்று வந்திருந்தது. அனுப்பியவர் கெட்டவரில்லை, வீட்டில் இருந்ததை மனமாரக் கொடுத்திருக்கிறார். ஆனால் கால்தாங்கி இல்லாவிட்டால் உணர்ச்சியற்ற கால் தரையில் இழுபட்டுக் காயமாகும், காயம் ஆனதே அவருக்குத் தெரியாது. உங்கள் அம்மாவை இதில் ஒரு நாள் முழுக்க உட்காரவைப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்று தோன்றினால் அது இரண்டாம் கூட்டம் அல்லது மூன்றாம் கூட்டம்.

மூன்றாம் கூட்டத்தில் இருப்பதும் வீணில்லை. சட்டம் உடைந்த நாற்காலியிலிருந்து பின் சக்கரங்கள், முன் சின்னச் சக்கரங்கள், பிரேக், கால்தாங்கி, கைதாங்கித் திண்டு, போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டு மாடல் பெயரை எழுதுங்கள். அவற்றால் வேறு இரண்டு நாற்காலிகள் எழுந்து நிற்கும். பழுது பார்ப்பவர்கள் இந்தப் பையை முழு நாற்காலியைவிடச் சந்தோஷமாக வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

மிஞ்சிய எலும்புக்கூட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அநேகமாக அலுமினியம், விலை உயர்ந்த விளையாட்டு நாற்காலியாக இருந்தால் டைட்டானியமாகவும் இருக்கலாம். அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்த, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும். ஆகவே துணி, பிளாஸ்டிக், ரப்பரை நீக்கிவிட்டு உலோகத்தை மட்டும் மறுசுழற்சிக்குக் கொடுங்கள். ஜாய்ஸ்டிக், கட்டுப்பாட்டுப் பெட்டி, சார்ஜர் எல்லாம் மின்னணுக் கழிவோடு போக வேண்டும். கார்பன் இழைச் சட்டத்தை உலோகம்போல உருக்க முடியாது, ஆகவே அதை முடிந்தவரை பழுது பார்த்து ஓட்டவையுங்கள்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். ஆபத்தான சட்டத்தைக் கழிக்கும்போது அந்தக் குறுக்குக் குழாயை அறுத்துவிடுங்கள். அறுக்காமல் போட்டால் யாரோ எடுத்துப் போய், கம்பி சுற்றி, தன் வீட்டுப் பெரியவரை அதில் உட்காரவைப்பார்.

ஏழாம் படி: யாரிடம்?

முடிந்தவரை பக்கத்திலேயே கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சங்கங்கள், மறுவாழ்வு மையங்கள், மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவு, முதியோர் இல்லங்கள், நோய்த்தணிப்பு மையங்கள், உபகரணங்களை இரவல் கொடுக்கும் அமைப்புகள் ஆகியவற்றில் கேட்டுப் பாருங்கள். சில நாடுகளில் செஞ்சிலுவைச் சங்கமும் சக்கர நாற்காலியை இரவலாகக் கொடுக்கிறது. எங்கே போனாலும் பொருளைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் இறக்காதீர்கள். முதலில் படமும் அளவும் அனுப்பிக் கேளுங்கள். பின்வரும் கேள்விகளையும் கேளுங்கள்: பெறுபவருக்கு அளவு பார்த்துப் பொருத்த ஆள் இருக்கிறாரா? ஓட்டக் கற்றுக்கொடுப்பார்களா? பழுதானால் யார் பார்ப்பார்கள்?

நான் இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட, கையால் தள்ளும் சக்கர நாற்காலிகளுக்கான வழிகாட்டி, நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரித்தது. பரிந்துரை, மதிப்பீடு, தேர்வு, நிதியும் ஆர்டரும், தயாரித்தல், பொருத்துதல், பயிற்சி, தொடர் கவனிப்பும் பழுதும். இதில் பொருளைக் கையில் கொடுப்பது ஒரு சிறு பகுதிதான். மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, அளவே பார்க்காமல் கொடுக்கும் நிகழ்ச்சிகளுக்கு உங்கள் நாற்காலியைக் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் அமைப்புகளும் உண்டு. அமெரிக்காவின் ஜோனி அண்ட் ஃபிரெண்ட்ஸ் நடத்தும் 'வீல்ஸ் ஃபார் த வேர்ல்ட்' திட்டத்தில், சேகரித்த நாற்காலிகளைச் சிறைக் கைதிகள் புதுப்பிக்கிறார்கள். பிறகு சிகிச்சையாளர்கள் பெறுபவரின் உடலுக்கு ஏற்பப் பொருத்திக் கொடுக்கிறார்கள். அப்படிப் பொருத்தும் ஆள் கூடப் போகும் திட்டமென்றால் நம்பிக் கொடுக்கலாம். ஆனாலும் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். வழுவழுப்பான தரைக்காகச் செய்த நாற்காலியின் மெல்லிய முன் சக்கரம் மண் பாதையில் புதைந்து நின்றுவிடும். பல நாற்காலிகளின் 24 அங்குல டயர் 540 மில்லிமீட்டர் விட்டமுள்ள விளிம்புக்கானது. சாதாரண 24 அங்குல மலைச் சைக்கிள் டயர் 507 மில்லிமீட்டர். பெயர் ஒன்றுதான், ஆனால் மாட்டாது. தானும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே நாற்காலிகளை வடிவமைத்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் ஹாட்ச்கிஸ்ஸும் அவருடைய வேர்ல்விண்ட் குழுவும் கரடுமுரடான நிலத்துக்கென்று உருவாக்கிய ரஃப்ரைடர் நாற்காலியில் சைக்கிள் டயரையும் அகலமான முன் சக்கரத்தையும் வைத்தது இதனால்தான். உங்கள் நாற்காலியை மண் பாதை உள்ள இடத்துக்கு அனுப்புவதானால் கூடவே இரண்டு டயரும் ட்யூபும் அனுப்புங்கள். லித்தியம் பேட்டரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக அனுப்ப 2016 ஏப்ரல் 1 முதல் தடை இருக்கிறது. அதைக் கழற்றி அனுப்புவதற்கு முன் அனுப்பும் நிறுவனத்திடம் கேட்டே ஆக வேண்டும்.

மற்ற உபகரணங்கள்

ஊன்றுகோலிலும் வாக்கரிலும் முதலில் அடி ரப்பரைப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மழமழவென்று இருந்தால் ஈரத் தரையில் வழுக்கும். சிறிய செலவில் மாற்றலாம். உயரத்தை மாற்றும் பொத்தான்கள் எல்லாத் துளைகளிலும் வெளியே துள்ளி வர வேண்டும்.

ஆளைத் தூக்கும் ஹாயிஸ்ட் கருவியை யாருக்காவது கொடுக்கலாம், அதன் துணித் தொட்டிலைக் கொடுக்கக் கூடாது. நூல் எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கருவியையும் எடை வைத்துச் சோதிக்கத் தெரிந்தவரிடமே ஒப்படையுங்கள். மாடிப்படி லிஃப்டில் நேரான தண்டவாளம் உள்ளது மறு உபயோகத்துக்கு ஏற்றது. வளைவான தண்டவாளம் அந்த ஒரு மாடிப்படிக்கென்றே செய்தது. ஆகவே அதன் இருக்கையும் மோட்டாரும்தான் பயன்படும். கமோடு நாற்காலியைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

செயற்கைக் கால் வேறு வகை. உடலோடு பொருந்தும் கிண்ணம் ஒருவருக்காகவே வார்த்தது, வேறு யாருக்கும் ஆகாது. ஆனால் முழங்கால் மூட்டு, பாதம், இணைப்புக் குழாய் ஆகியவற்றைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தும் அமைப்புகள் உண்டு. சில நாடுகளில் சட்டக் காரணங்களால் அவற்றை உள்நாட்டில் மறுபடி பயன்படுத்துவதில்லை. செயற்கை உறுப்பு செய்யும் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

எட்டாம் படி: ஒரு சீட்டோடு அனுப்புங்கள்

கால்தாங்கி, கைதாங்கி, சார்ஜர், சாவி, திருகிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுச் சட்டத்தோடு கட்டுங்கள். பாதி நாற்காலிகள் வழியில்தான் கால்தாங்கியை இழக்கின்றன. செல்போன் செயலியோடு இணைத்த வண்டியாக இருந்தால் அந்த இணைப்பை நீக்கிவிடுங்கள். பழைய மருத்துவக் குறிப்புகள் பையில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு சீட்டு எழுதுங்கள். நான் கடைசியாக எழுதியது இப்படி இருந்தது: "அகலம் 18 அங்குலம், ஆழம் 16. தாங்கும் எடை சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. இடது பிரேக் புதிது. வலது முன் சக்கரம் வேகமாகத் தள்ளினால் லேசாக ஆடும், பேரிங் மாற்ற வேண்டும். குஷன் இல்லை. இதை ஓட்டியவருக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்தது, அதனால் கைப்பிடி உயரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது." குறையையும் மறைக்காமல் எழுதுங்கள். தெரிந்த குறையைச் சரிசெய்துவிடலாம்.

சீட்டின் அடியில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி, முதல் ஒரு மாதம் அழைப்பை எடுங்கள். எந்த விளக்கு எரிந்தால் சார்ஜ் முடிந்தது, கைதாங்கியை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்றெல்லாம் கேட்பார்கள். அவற்றுக்குப் பதில் தெரிந்தவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான்.